செஞ்சிக்கு வந்த நாற்பத்தொரு பேர்

புதிதாக ஆளுநர் பொறுப்புக்குப் போகிற உங்களுக்கு முதலில் என் வாழ்த்து. அரசியல் சட்டத்தில் ஆளுநரைப் பற்றிய பிரிவுகளை எல்லாம் வாசித்துவிட்டுத்தான் கிளம்புவீர்கள். நானும் வாசித்தேன். முப்பது வருஷம் வக்கீலாக இருந்தவன் என்பதால் சிவப்பு மையில் அடிக்கோடிட்டே வாசித்தேன். எந்தக் கோப்பில் கையெழுத்துப் போட வேண்டும், எந்த மசோதாவைத் திருப்பி அனுப்பலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இருமலைப் பற்றித்தான் ஒன்றும் இல்லை.

சட்டசபையில் நான் வாசித்த முதல் உரையில் எனக்கு இருமல் வந்தது. அந்த உரையை எழுதுவது அமைச்சரவை. வாசிப்பது மட்டும்தான் நம் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். பதினாறாம் பக்கம் வரும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தவன், தெரியாமல் ஒரு பத்தியைத் தாண்டிவிட்டேன். அது கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிய பத்தி. "ஆளுநருக்கே இதில் உடன்பாடு இல்லை, அதனால்தான் வாசிக்கவில்லை" என்று எதிர்க்கட்சி எழுந்து நின்றது. மூன்று நாள் சபை நடக்கவில்லை. நான்காம் நாள் முதல்வர் என்னைப் பார்க்க வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பா மிளகு மிட்டாயை எடுத்து மேசையில் வைத்தார். "அடுத்த பட்ஜெட்டுக்கு முன் இதை முடித்துவிடுங்கள்" என்றார். அப்படிப்பட்ட மனிதர் அவர்.

இருமினாலும் சிரித்தாலும் அதற்கு ஓர் அர்த்தம் கண்டுபிடிப்பார்கள் என்று புரிந்ததால், அன்றிலிருந்து என் முகத்தையும் தொண்டையையும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி அல்ல. என் சொந்த ஊரான செஞ்சிக்கு மூன்று நாள் விடுப்பில் போனபோது நடந்த ஒரு விஷயத்தைப் பற்றி. எண்பதுகளின் நடுவில் அது நடந்தது. நான் பணியாற்றிய மாநிலத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எண்பது உறுப்பினர்கள் கொண்ட சிறிய சபை, செஞ்சியிலிருந்து ஒன்றரை நாள் பேருந்துத் தூரம், அவ்வளவு தெரிந்தால் போதும்.

என் அக்கா செஞ்சியில், கோட்டைக்குப் போகிற சாலையில் இருந்தாள். அவள் பேரனுக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசையன்று காது குத்தல். தாய்மாமன் மடி வேண்டும். அக்கா மருமகளுக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லாததால் அந்த மடி என் மடிதான் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். தில்லியில் அனுமதி வாங்கி, கிளம்பினேன்.

இங்கே என் முதல் தவறைச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊருக்குப் படாடோபமாகப் போகக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். போலீஸ் வேண்டாம் என்றேன். அக்கா வீட்டில் தொலைபேசி கிடையாது. தற்காலிகமாக ஓர் இணைப்புக் கொடுக்கிறோம் என்று தந்தித் துறையில் சொன்னதற்கும் வேண்டாம் என்றேன். அவசரம் என்றால் எதிர்ச் சாரியில் என் பள்ளித் தோழர் இப்ராகிம் பாயின் இரும்புக் கடை இருக்கிறது, அந்த எண்ணைக் கொடுங்கள் என்றேன். என் எளிமையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. கூட வந்தவர் ஒரே ஒருவர்: ஏ.டி.சி. என்று நாம் சொல்லும் துணை அதிகாரி, பஞ்சாபைச் சேர்ந்த ஓர் இளம் கேப்டன். தமிழ் தெரியாது. இட்லி பிடிக்கும்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் அங்கே நிதியமைச்சர் பதவி விலகியிருந்தார். முதல்வரோடு மனக்கசப்பு. ஆளுங்கட்சியில் பாதிப் பேரும் எதிர்க்கட்சிக்காரர்களும் தன் பக்கம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் நாளேடுகளில் ஒரு கணக்கு வரும். என்னிடம் யாரும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. மூன்று நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று வந்துவிட்டேன்.

அமாவாசை காலை, கூட்டம் சேருவதற்கு முன்பே மலையனூர் போய்க் காது குத்திக்கொண்டு பத்து மணிக்கெல்லாம் செஞ்சி திரும்பிவிட்டோம். வாசலில் பந்தல். உறவுக்காரர்கள் சுமார் அறுபது பேருக்குச் சமையல். குழந்தை காது வலியில் என் மடியை விட்டு இறங்காமல் அழுதுகொண்டிருந்தது. அழுது ஓய்ந்ததும் என் வேட்டியை நனைத்தது. அந்த நேரத்தில்தான் வாசலில் அந்தப் பேருந்து வந்து நின்றது.

சுற்றுலாப் பேருந்து. சன்னல்களுக்கெல்லாம் திரை. அதிலிருந்து முதலில் இறங்கியவர் முன்னாள் நிதியமைச்சர். அவர் பின்னால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒருவர் பின் ஒருவராக, நடுவில் இரண்டு பெண்களுமாக, இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அக்கா சமையல் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா தம்பி, யாரு இவ்ளோ பேரு? நீ சொல்லவே இல்லியே?"

"நான் கூப்பிடலக்கா."

"கூப்டாமயா பஸ் வெச்சிக்கினு வருவாங்க?"

முன்னாள் நிதியமைச்சர் என்னை வணங்கினார். அவர் பேசியது நான் ஆளுநராக இருந்த மாநிலத்தின் மொழியில்; தமிழில் தருகிறேன். "மன்னிக்க வேண்டும். நீங்கள் திரும்பி வரும்வரை காத்திருக்க முடியாத நிலை. என்னையும் சேர்த்து நாற்பத்தொரு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் கையெழுத்திட்ட கடிதம் இது. எல்லோரும் நேரிலும் வந்திருக்கிறார்கள். முதல்வர் பெரும்பான்மையை இழந்துவிட்டார். நீங்களே எண்ணிப் பார்க்கலாம்."

ஆளுநராக மாறுவதற்கு ஐந்து நிமிடம் கேட்டேன். உள்ளே போய் வேறு வேட்டி கட்டி, சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். அதற்குள் அவர்கள் பந்தலில் சாப்பாட்டுக்காகப் போட்டிருந்த பெஞ்சுகளில் உட்கார்ந்துவிட்டார்கள்.

உள்ளதைச் சொல்கிறேன். அந்த ஐந்து நிமிடத்தில் நான் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். எண்பது பேரில் நாற்பத்தொருவர் கண் முன்னால் இருக்கிறார்கள். கையெழுத்து இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? இன்றே தில்லிக்கு ஓர் அறிக்கை, முதல்வருக்கு ஒரு கடிதம். மிளகு மிட்டாய் கொடுத்த மனிதரை நினைத்து மனம் கொஞ்சம் சங்கடப்பட்டது. அந்தச் சங்கடமே, நான் நடுநிலையாக இருக்கிறேன் என்பதற்கு அத்தாட்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு எப்படியெல்லாம் வாதாடும் பாருங்கள்.

கேப்டனை எண்ணச் சொன்னேன். பட்டாளத்துக்காரர், வரிசை வரிசையாக இரண்டு முறை எண்ணினார். "நாற்பத்தொன்று, சார்."

முன்னாள் நிதியமைச்சர் முகத்தில் நிம்மதி. அவரும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டேதான் வந்திருப்பார்.

கையெழுத்தைக் கண்டால் போட்டவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்வது என் தொழில் பழக்கம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் பெஞ்சிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொருவராக எழுந்து பெயர், தொகுதி சொன்னார்கள். கேப்டன் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். முப்பத்தொன்பது பேர் முடிந்து, கடைசி பெஞ்சின் ஓரத்தில் இருந்த இருவரிடம் வந்தேன். ஐம்பது வயதுக்காரர் ஒருவர், அவரைவிட இளையவர் ஒருவர். அதே வெள்ளை வேட்டி, சட்டை, தோளில் துண்டு.

"உங்கள் பெயர்?" என்று அந்த மாநில மொழியில் கேட்டேன்.

பெரியவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "இன்னாடா கேக்கறாரு?"

அந்த "இன்னா" எங்கள் ஊர் "இன்னா". எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழில் கேட்டேன். "பேரு இன்னா?"

"முனுசாமிங்க."

"எந்தத் தொகுதி?"

"செஞ்சி தொகுதிதாங்க. ஊரு தொண்டூரு. இவன் எம் மச்சான்."

"இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?"

"இல்லீங்களே. போடணுங்களா? பஸ்ல காப்பி, பிஸ்கோத்துல்லாம் குடுத்தாங்க. அதுக்குங்களா?"

விஷயம் இதுதான். வழி கேட்பதற்காகப் பேருந்து செஞ்சி நிலையத்தில் நின்றிருக்கிறது. அமாவாசைக் கூட்டம் மலையனூர் சிறப்புப் பேருந்துக்காகக் காத்திருந்த நேரம். இவர்கள் இருவரும் ஏறிவிட்டார்கள். கதவருகே நின்றவர், இவர்கள் வழிகாட்ட வந்த உள்ளூர்க்காரர்கள் என்று நினைத்துக் கடைசி இருக்கையைக் காட்டியிருக்கிறார். "டிக்கெட்டும் கேக்கல, காப்பி வேற குடுத்தாங்களா, கவருமெண்ட்ல புச்சா இப்டி வுட்டுக்கறாங்க போலன்னு நெனச்சோம். எல்லாரும் எறங்கனாங்க, நாங்களும் எறங்கனோம்" என்றார் முனுசாமி.

நான் சிரிக்கவில்லை. அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சமையல் பக்கத்தில் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கேப்டனுக்கு என் உறவுக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் விளக்கியதும் அவர் சட்டென்று திரும்பிக்கொண்டு பந்தல் காலை ஆராய ஆரம்பித்தார்.

முன்னாள் நிதியமைச்சர் மட்டும் வெளிறிப்போனார். அவர் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை; அது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவருடைய ஆட்கள் இருவர் வழியில் எங்கோ டீ குடிக்க இறங்கியபோது நழுவிவிட்டிருக்கிறார்கள். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. ஐந்து நாளாக அந்தப் பேருந்தில் ஊர் ஊராக, விடுதி விடுதியாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாளாக நாளாக ஆள் குறையும் என்ற பயத்தில்தான் என்னைத் தேடி ஓடி வந்திருக்கிறார்.

"முப்பத்தொன்பது பேரும் உண்மையானவர்கள். மற்ற இருவரையும் நாளைக்கே கொண்டுவருகிறேன்" என்றார்.

கடிதத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். "கொண்டுவர வேண்டாம். தவறு என்னுடையது. நான் எண்ணவே தொடங்கியிருக்கக் கூடாது. சபையில் வைத்துக்கொள்ளலாம்."

"சபையை அவர் கூட்டவே மாட்டார்."

"அது என் கவலை."

பெரிதாகச் சொல்லிவிட்டேனே தவிர, முதல்வரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று அந்த நொடியில் எனக்குத் தெரியாது.

அப்போது அக்கா பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னாள். "மணி பன்னெண்டாவுது. சாப்பாட்டு நேரத்துல வந்தவங்கள எவ்ளோ நேரம் ஒக்கார வெச்சிக்கினு இருப்ப? எலை போடட்டா?"

"போடாதக்கா. நாளைக்குப் பேப்பர்ல ஆளுநர் விருந்து குடுத்தாருன்னு வரும்."

"இது உன் வூடா?"

"இல்ல."

"அப்ப நீ எங்க போடற? என் பேரனுக்குக் காது குத்து. என் வூட்டு வாசல்ல பசியோட நாப்பது பேரு. நான் போடறேன். உனக்கு ஆவாதுன்னா எங்கனா போய் ஒக்காரு."

அரசியல் சட்டத்தில் இதற்கு எந்தப் பிரிவும் இல்லை. நான் எதிர்ச் சாரியில் இருந்த இரும்புக் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். என் மருமகன் பிள்ளையின் காது குத்து விருந்தில் நான் ஒருவன்தான் சாப்பிடவில்லை. வடையும் பாயசமும் சாலையைத் தாண்டி மணத்தன.

இப்ராகிம் பாய் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தார். "வா வக்கீலு. இன்னா, ஊட்ல மாநாடா?" என்றார். ஆளுநரான பிறகும் என்னை வக்கீலு என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். டீ சொன்னார். டீ வருவதற்கு முன்பு தொலைபேசி வந்தது.

தில்லி. யார் என்று சொல்ல மாட்டேன். என் நியமனத்தில் கை இருந்தவர். பேருந்து செஞ்சிக்கு வந்த செய்தி எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருந்தது.

"எத்தனை பேர்?" என்றார்.

"நான் எண்ணவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"எண்ணியதாகச் சொல்கிறார்களே. இன்று மாலைக்குள் உங்கள் அறிக்கை வந்தால் நன்றாக இருக்கும்."

"சபையில் வாக்கெடுப்பு முடிந்ததும் அறிக்கை வரும்."

"இந்தப் பொறுப்பில் எவ்வளவு காலம் இருக்க விரும்புகிறீர்கள்?" என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

கடையில் கொக்கி வாங்க வந்தவர்கள், தாழ்ப்பாள் வாங்க வந்தவர்கள் என்று ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் தொலைபேசி வைக்க விட்டிருந்தால் தனியாக உட்கார்ந்து பேசியிருப்பேன். மாநிலத்து ரகசியம் தாழ்ப்பாள் வாங்க வந்தவர் காதில் விழுந்ததற்குக் காரணம் என் எளிமைதான். நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள்; கொடுக்கிற வசதியை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நன்மையும் இருந்தது. அத்தனை பேர் முன்னால் வளைந்து கொடுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

"நீங்கள் விரும்புகிறவரை இருக்கிறேன். இருக்கிறவரை இப்படித்தான் செய்வேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். வீரமாகப் பேசினேன் என்று நினைக்காதீர்கள். அதன் பிறகு நிதானத்துக்கு வர இரண்டு டீ தேவைப்பட்டது.

"வேல பூடுமா வக்கீலு?" என்றார் பாய்.

"போனாலும் போகும்."

"போனா இன்னா? நம்ம ஊரு கோர்ட்டுல உருப்படியா பேச ஆளில்ல. எம் மச்சான் கேஸு வேற நாலு வருசமா இழுத்துக்கினு கெடக்குது." கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று முகத்தைக் காக்க வேண்டிய அவசியம் இல்லாமல் நான் சிரித்த முதல் சிரிப்பு அது.

அடுத்து நானே முதல்வருக்கு டிரங்கால் போட்டேன். லைன் கிடைக்க அரை மணி ஆனது. எடுத்தவுடனே பொரிந்தார். "விருந்து நடக்கிறதாமே! துரோகிகளுக்கு உங்கள் வீட்டில் விருந்தா?"

"என் அக்கா வீட்டில். நான் இரும்புக் கடையில் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன். அவருக்குக் கொஞ்சம் கோபம் இறங்கியது.

"எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்?" தில்லி கேட்ட அதே கேள்வி.

"தில்லிக்கும் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்ல மாட்டேன். சபையைக் கூட்டுங்கள், தெரிந்துவிடும்."

"ஆறு வாரம் கழித்துப் பட்ஜெட் கூட்டம் இருக்கிறது. அப்போது பார்க்கலாம்."

"ஆறு வாரம் அவர்கள் பேருந்திலேயே சுற்றுவார்கள். உங்கள் பக்கத்து ஆட்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?"

அவரும் தன் ஆட்களை ஏரிக்கரை விருந்தினர் மாளிகையில் பூட்டி வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

"இருபுறமும் அத்தனை பேரைப் பூட்டி வைத்துவிட்டால், தொகுதியில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவன் யாரிடம் போய்ச் சொல்வான்?" என்றேன். "நான் உங்களை நீக்கப் போவதில்லை. அதற்காக உங்களை ஒளித்து வைக்கவும் முடியாது. பத்து நாளில் கூட்டுங்கள். ஜெயித்தால் ஒருவரும் பேச முடியாது."

"தோற்றால்?"

"தோற்றால், உங்களைத் தோற்கடித்தது சபை. காது குத்துப் பந்தல் இல்லை."

அந்த டிரங்கால் காசுக்குப் பாய்தான் கவலைப்பட்டிருப்பார். கடைசியில், "பத்து நாள்" என்றார். மறுநாள் எழுத்திலும் அனுப்பினார்.

சாலையைத் தாண்டி வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அது கொஞ்ச நேரம்தான். அக்கா வாசலிலேயே மறித்தாள்.

"அந்தக் கூட்டத்துல ஒரு பொம்பள இருக்குது பார், கண்ணாடி போட்டுக்கினு. பின்கட்டுல கை கழுவப் போனப்ப அழுவுது. அரகொறத் தமிழ்ல சொல்லுது, பொண்ணுக்குத் தலைப் பிரசவமாம். ஆஸ்பத்திரில சேத்து ரெண்டு நாளாச்சாம். இவங்க போன் பண்ணக் கூட வுடலியாம்."

அவர் கமலம்மா. பள்ளி ஆசிரியையாக இருந்து சட்டசபைக்கு வந்தவர். முப்பத்தொன்பது பேரில் இரண்டே பெண்கள், அவர்களில் ஒருவர்.

"உள்ள அறையில உக்கார வெச்சிருக்கேன். அவங்க கெளம்பட்டும். அப்புறம் இது பாட்டுக்கு ஊருக்குப் போவட்டும்" என்றாள் அக்கா.

நண்பரே, அன்றைய தினத்தில் என்னை மிகவும் கஷ்டப்படுத்தியது தில்லி அல்ல, இதுதான். மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டிய தாயை யார் தடுப்பது? ஆனால் ஆளுநர் தங்கியிருக்கிற வீட்டில், ஓர் அறையில், ஒரு தரப்பிலிருந்து ஓர் உறுப்பினர் மறைந்துபோனால் அதற்கு என்ன பெயர்? நான் ஒரு பக்கத்தின் எண்ணிக்கையைக் குறைத்தேன் என்றுதானே ஆகும்? பார்க்காத மாதிரி இருந்துவிடலாமா என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. சபலம்தான்.

"மறைச்சு அனுப்ப வேணாக்கா. எல்லார் முன்னாலயும் கேட்டு அனுப்பலாம்" என்றேன்.

"அந்தாளு வுடலேன்னா?"

"வுடலன்னா அதையும் எல்லாரும் பாப்பாங்க."

கமலம்மாவைப் பந்தலுக்கு வரச் சொன்னேன். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முன்னாள் நிதியமைச்சர் எழுந்துவிட்டார்.

"அம்மா, இங்கே எனக்கு அதிகாரம் எதுவும் இல்லை. இது வேறு மாநிலம். நான் இங்கே ஒரு விருந்தாளி. ஒரே ஒரு கேள்விதான். நீங்கள் இப்போது எங்கே போக விரும்புகிறீர்கள்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பேசும்போது குரல் தடுமாறவில்லை. வகுப்பறையில் பேசிப் பழகிய குரல். "என் மகளிடம். யாருக்கு வாக்களிப்பது என்று எனக்குத் தெரியும். அதற்கு என்னைப் பேருந்தில் உட்கார வைக்கத் தேவையில்லை."

எல்லோரும் முன்னாள் நிதியமைச்சரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். ஐந்து நாள் தூக்கமில்லாத முகம். "எனக்குச் சொல்லியிருக்கலாமே அம்மா" என்றார் மெதுவாக.

"மூன்று முறை சொன்னேன்" என்றார் கமலம்மா.

அவர் தலை குனிந்தது. "போய் வாருங்கள்" என்றார்.

அரசாங்கக் கார் கூடாது என்று நான் சொன்னதால், சென்னைக்குப் போகிற உறவுக்காரத் தம்பதியோடு அக்கா அவரைத் திண்டிவனம் பேருந்தில் ஏற்றிவிட்டாள். முன்னதாக இரும்புக் கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியும் போட்டுக் கொடுத்தாள். பெண் குழந்தை, இருவரும் நலம் என்று தெரிந்ததும் கடையில் ஆணி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் பாய் டீ சொன்னாராம்.

மற்றவர்களும் கிளம்பினார்கள். முனுசாமியும் மச்சானும் வெற்றிலையை மென்றபடி தயங்கி நின்றார்கள். "நாங்க மலையனூரு போவணுங்களே" என்றார் முனுசாமி. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். முன்னாள் நிதியமைச்சருக்கு அன்று முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. "வரச் சொல்லுங்கள். இவர்களாவது என்னை விட்டு ஓடவில்லை" என்றார். முப்பத்தெட்டு சட்டமன்ற உறுப்பினர்களும் இரண்டு தொண்டூர்க்காரர்களும் அங்காளம்மனைத் தரிசிக்கப் போனார்கள்.

மறுநாள் ஒரு நாளேடு, ஆளுநர் அதிருப்தியாளர்களுக்கு விருந்தளித்தார் என்று எழுதியது. இன்னொன்று, வந்தவர்களைப் பந்தலில் விட்டுவிட்டு ஆளுநர் எழுந்து போய் அவமதித்தார் என்று எழுதியது. இரண்டையும் கத்தரித்து வைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் திட்டும் நாளில் நாம் தப்பாக நடந்திருக்க மாட்டோம் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் திட்டும்படி முட்டாள்தனமாகவும் நடந்துகொள்ள முடியும்.

பத்தாம் நாள் சபை கூடியது. ஆளுநர் மாடத்தில் உட்கார்ந்து பார்ப்பது மரபில்லை; ராஜ்பவனில் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நான்கு மணிக்குச் செயலாளர் வந்து சொன்னார். மூன்று வாக்கு வித்தியாசத்தில் முதல்வர் தோற்றுவிட்டார். நழுவிப் போன இருவரில் ஒருவர் திரும்பி வந்திருந்தார். ஏரிக்கரை மாளிகையிலிருந்து வந்தவர்களில் ஒருவரும் முதல்வருக்கு எதிராக வாக்களித்திருந்தார். கமலம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, முன்னாள் நிதியமைச்சருக்கே வாக்களித்தார்.

ஆக, செஞ்சியில் அன்று அந்தக் கடிதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தாலும் முடிவு இதுதானே என்று நீங்கள் கேட்கலாம். என் செயலாளரும் கேட்டார். அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துப் பதவியேற்பு விழாவில் கிடைத்தது.

தோற்ற முதல்வர் விழாவுக்கு வருவார் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு நாற்காலிகூடப் போடவில்லை. வந்தார்; கேப்டன் ஓடிப்போய் ஒன்று கொண்டுவந்தார். புதிய முதல்வராக முன்னாள் நிதியமைச்சர் உறுதிமொழி எடுத்து முடித்ததும் இவர் எழுந்து நேராக மேடைக்கு வந்தார். இருவருக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"வாழ்த்துகள்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேசையின் இடது பக்க இழுப்பறையில் மலையோரக் கிராமங்களின் குடிநீர்த் திட்டக் கோப்பு இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போடவில்லை என்றால் டெண்டர் காலாவதியாகிவிடும். பொறியாளர் வேறு மாதிரிச் சொல்வார், கேட்காதீர்கள். இரண்டாவது வரைபடம்தான் சரி" என்றார்.

"நான் நிதியில் இருந்தபோது அதைத் திருப்பி அனுப்பினேன்" என்றார் புதியவர்.

"தெரியும். தப்பாகத் திருப்பி அனுப்பினீர்கள்."

"சரி, கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்."

இருவரும் மேடை ஓரத்துக்கு நகர்ந்து, குழாய், தொட்டி, மேடு, பள்ளம் என்று பேச ஆரம்பித்தார்கள். வாத்தியக்காரர்கள் தேசிய கீதத்துக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டினேன். செஞ்சிப் பந்தலில் எண்ணி நீக்கியிருந்தால் அந்த மனிதர் இந்த மேடைக்கு வந்திருக்க மாட்டார். மாநிலத்தில் அந்த நிமிடம் எனக்கு வேறு எந்த வேலையும் இருக்கவில்லை. மிக நல்ல நாள் அது.